ஊசி சாயாத ஊர்: இளையோருக்கான அறிவியல் நூல்கள் குறித்து

நீளமான தையல் ஊசி ஒன்றை நடுவில் நூலால் கட்டித் தொங்கவிட்டு, இரு பக்கமும் சமமாக நிற்கும்படி முடிச்சை நகர்த்திச் சரிசெய்துகொள்ள வேண்டும். பிறகு முடிச்சு அசையாமல், ஊசியைக் காந்தத்தின் ஒரு முனையால் ஒரே திசையில் பலமுறை தேய்த்து மறுபடியும் தொங்கவிட வேண்டும். திருநெல்வேலியில் இதைச் செய்தால் ஊசி வடக்கு தெற்காகத் திரும்பி, முன்போலவே ஏறக்குறையக் கிடையாக நிற்கும். அதே ஊசியைத் தில்லிக்குக் கொண்டுபோனால் வடமுனை தரையை நோக்கிச் சாயப் பார்க்கும். அங்கே புவிகாந்தத்தின் சாய்வு 40 பாகைக்கு மேல். லண்டனில் 65 பாகைக்கும் மேல். காந்தச் சாய்வே இல்லாத புவிகாந்த நடுக்கோடு திருநெல்வேலிக்கு மிக அருகில் போகிறது என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். அந்தக் கோட்டின் அருகாமைக்காகவே 1963இல் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்தது. திருநெல்வேலியை அடுத்து, சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதும் அதனால்தான். தரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே, பகல் நேரத்தில், இந்தக் கோட்டை ஒட்டி ஒரு பெரும் மின்னோட்டம் வானத்தில் பாய்கிறது. அதன் சுவடுகளைத்தான் அங்குள்ள கருவிகள் பதிவுசெய்கின்றன. தடையின்றித் தொங்கும் காந்தம் வடக்கு தெற்காக நிற்கும் என்று எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றன. அந்தச் செய்தி லண்டனைவிடத் திருநெல்வேலியில்தான் முழு உண்மை. ஆனாலும், சிற்பம் பார்க்கக் கிருஷ்ணாபுரத்துக்குச் சுற்றுலா போகும் ஒரு பள்ளிப் பிள்ளையின் கையில், இதைச் செய்துபார் என்று சொல்லும் தமிழ் நூல் ஒன்றை வைப்பதற்கு இன்னும் நாம் வழிசெய்யவில்லை.

இளையோருக்கான அறிவியல் நூல்களை மதிப்பிடும்போது வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகள் மூன்று: தகவல் சரியா, நடை எளிதா, படம் அழகா. மூன்றும் வேண்டியவையே. நான்காவதாக ஒரு கேள்வி உண்டு, மற்ற மூன்றையும்விட அதற்கே எடை அதிகம் என்பது என் வாதம். நூல் சொல்வதில் ஏதாவது ஒன்றையேனும் அந்த வாசகர் தம் கண்ணாலும் கையாலும் சரிபார்க்க முடியுமா? முடியாதென்றால், பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதும் வாஸ்துப்படி வீட்டின் வாசல் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பதும் அவருக்கு ஒரே தட்டில்தான் இருக்கும். இரண்டையும் பெரியவர்கள் சொன்னார்கள், அவர் நம்பினார், அவ்வளவே. அறிவியல் எழுத்தறிவு என்பது ஒரு கூற்றின் முன் நின்று, இது எப்படித் தெரிந்தது என்று கேட்கும் பழக்கம். 1976இல் 42ஆவது திருத்தத்தின் வழி அரசமைப்பின் 51ஏ பிரிவில் அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமையாகச் சேர்க்கப்பட்டது. ஒரு முறையாவது ஒன்றைத் தானே சோதித்து, அது பொருந்துவதையோ பொருந்தாமல் போவதையோ பார்க்காத ஒருவருக்கு அந்தக் கடமை வெறும் எழுத்தாகவே இருக்கும். சோதிக்க வேண்டுமென்றால் சோதிக்கும் பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆகவே இளையோருக்கான நல்ல அறிவியல் நூலுக்கு ஓர் ஊர் தேவைப்படுகிறது.

உலகெங்கும் நிலைத்து நிற்கும் நூல்கள் இதற்குச் சான்று தருகின்றன. மைக்கேல் ஃபாரடே 1860ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்காகத் தொடங்கிய ஆறு சொற்பொழிவுகள் மெழுகுவத்தி எரிவதைப் பற்றியவை. மறு ஆண்டே நூலாக வந்தன. மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தவர் தம் பெருமைக்குரிய கருவிகளைக் காட்டி அசத்தியிருக்கலாம். எந்த வீட்டிலும் இருக்கும் மெழுகுவத்தியைத்தான் எடுத்துக்கொண்டார். சுடரின் மேல் குளிர்ந்த கரண்டியைப் பிடித்தால் நீர் படிகிறது, நெருப்பிலிருந்து நீர் எப்படி வந்தது என்று கேட்டார். ரஷ்யரான யாக்கவ் பெரல்மான் 1913இல் எழுதிய பொழுதுபோக்குப் பௌதிகமும் அதே வழியில் நாற்காலி, முட்டை, ரயில் பயணம் என்று அன்றாடத்திலிருந்து தொடங்கியது. மாஸ்கோவில் அச்சாகி நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வழி மலிவு விலையில் வந்த சோவியத் நூல்களின் வரிசையில் அது தமிழிலும் கிடைத்தது. ஒரு தலைமுறைத் தமிழ் மாணவர்கள் அந்த நூல்களைத் தேடிப் படித்தார்கள். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது வரத்து நின்றது. அந்த இடத்தை நிரப்புவதற்கான தேவை இங்கேயே இருந்தது. மாஸ்கோவின் மானியத்தை நம்பியிருந்ததால் அந்தத் தேவையின் அளவு நமக்கே தெரியாமல் போயிற்று.

தமிழில் இதற்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. பொருநை எனப்படும் தாமிரபரணியின் கரை அவ்வகையில் வளமான நிலம். பாளையங்கோட்டையில் பணியாற்றிய ரேனியஸ் 1832இல் பூமி சாஸ்திரம் என்ற நூலை வெளியிட்டார். அடுத்த நூற்றாண்டில், திருநெல்வேலியிலிருந்து இயங்கிய இ. மு. சுப்பிரமணிய பிள்ளையின் முயற்சியால் 1934இல் தொடங்கிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் பாடநூல்களுக்கான கலைச்சொல் வேலையைக் கையில் எடுத்தது. 1936இல் விபுலானந்தர் தலைமையில் சொல்லாக்க மாநாடு கூடியது. 1938இல் ஏறத்தாழப் பத்தாயிரம் சொற்கள் கொண்ட தொகுப்பு வெளிவந்தது. சேலத்தில் ராஜாஜி முதலானோர் 1916இல் தொடங்கிவைத்த வேலையின் தொடர்ச்சி இது. பள்ளியில் தமிழ் வழி அறிவியல் கற்பிக்க இயலும் என்பதை நிறுவ அன்று இத்தகைய உழைப்பு தேவைப்பட்டது. பல துறைக்காரர்கள் கூடி உட்கார்ந்து சொல் சொல்லாக விவாதித்த அந்தப் பொறுமைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆயினும் சொல் இருந்தால் நூல் வந்துவிடும் என்ற எண்ணமும் அந்தக் காலத்திலிருந்தே நம்மிடம் ஒட்டிக்கொண்டது. இன்றும் தமிழ் அறிவியல் எழுத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு சில நிமிடங்களில் கலைச்சொல்லுக்குப் போய் அங்கேயே நின்றுவிடுகிறது. வாசகர் என்ன செய்யப்போகிறார், எதைப் பார்க்கப்போகிறார் என்பதற்கு வருவதே இல்லை.

பெ. நா. அப்புசுவாமி அந்தப் பேச்சில் சிக்கி நின்றுவிடாத எழுத்தாளர். தாமிரபரணியின் வடகரையில், ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே உள்ள பெருங்குளத்தில் 1891இல் பிறந்தவர். தொழிலால் வழக்கறிஞர். 1917இல் தமிழர் நேசன் இதழில் தொடங்கி 1986இல் மறையும்வரை ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் மின்சாரம், வானொலி, அணு, ரயில், எக்ஸ்-கதிர் என்று எழுதிக்கொண்டே இருந்தார். விஞ்ஞானி அல்லாத ஒருவர், தாமே படித்து விளங்கிக்கொண்டதைப் பிறருக்குச் சொல்ல வேண்டும் என்ற ஒரே உந்துதலில் இவ்வளவு நீண்ட காலம் எழுதியது தமிழில் அரிய நிகழ்வு. அவர் எழுதத் தொடங்கியபோது திருநெல்வேலிச் சீமையில் மின்விளக்கே புதுமை. அந்தக் காலத்து வாசகருக்கு உலகில் என்னவெல்லாம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது என்ற அறிமுகம்தான் முதல் தேவை. அப்புசுவாமி அதை நிறைவேற்றினார். அவருக்குப் பின் வந்தவர்களில் பலர் அறிமுகத்தோடு நின்றுவிட்டதுதான் குறை. கண்டுபிடித்தவர் பெயர், ஆண்டு, பயன், ஒரு படம் என்ற அச்சில் வார்த்த நூல்கள் அதன்பின் குவிந்தன. பள்ளிப் பரிசளிப்பு விழாக்களில் வழங்கப்படும் விஞ்ஞானி வரலாறுகள் பெரும்பாலும் இன்றும் அதே அச்சில்தான் வருகின்றன.

அதே பெருங்குளக் குடும்பத்தில் வேறொரு வழியும் பிறந்தது. அப்புசுவாமியின் உறவினரான நாவலாசிரியர் அ. மாதவையா, 1925இல் சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில் பட்டப் படிப்பில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று பேசிய அன்றே, அந்த அரங்கிலேயே உயிர் நீத்தவர். அவருடைய மகன் மா. கிருஷ்ணன் 1912இல் திருநெல்வேலியில் பிறந்தார். தாவரவியல் படித்துக் காட்டுயிர் ஆய்வாளராகவும் ஒளிப்படக் கலைஞராகவும் ஆனார். 1950 முதல் 1996இல் மறையும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் பத்தி எழுதினார். தமிழிலும் எழுதினார், அக்கட்டுரைகள் பின்னாளில் சு. தியடோர் பாஸ்கரனின் முயற்சியால் மழைக்காலமும் குயிலோசையும் என்ற தொகுப்பாயின. கிருஷ்ணனின் பலம் ஒன்றுதான்: பார்த்ததை மட்டும் எழுதுவது. காகம், அணில், தெருநாய், கொல்லைப்புறத்து மரம் எதுவும் அவருக்கு எழுதத் தகாத சிறு விஷயமாகத் தோன்றவில்லை. யானையைப் பற்றி எழுதும்போது காட்டிய அதே கவனத்தை அணிலுக்கும் கொடுத்தார். அவர் கட்டுரையைப் படித்த ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை உடனே சன்னல் பக்கம் போய் அணிலைப் பார்த்து, எழுதியிருப்பது சரியா என்று சோதிக்கலாம். அப்புசுவாமியின் விளக்கமும் கிருஷ்ணனின் பார்வையும் ஒரே நூலில் சேர வேண்டும் என்பதே நான் கேட்பது. ஒரே குடும்பத்தில், ஒரே நூற்றாண்டில் இரண்டும் நிகழ்ந்த பிறகும் நம் சிறார் அறிவியல் எழுத்து முதலாமவர் வழியில் போன அளவுக்கு இரண்டாமவர் வழியில் போகவில்லை.

பாடநூல் இந்த வேலையைச் செய்யாதா என்று கேட்கலாம். 2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வடிவிலும் உள்ளடக்கத்திலும் முந்தையவற்றைவிட எவ்வளவோ மேல். அவற்றைத் தயாரித்த ஆசிரியர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்வது அநியாயம். ஆனால் பாடநூல் 38 மாவட்டங்களுக்கும் ஒன்றே. கூடலூரில் மழை பெய்வதுபோல் ராதாபுரத்தில் பெய்வதில்லை. இரண்டு ஊருக்கும் பொருந்த எழுதினால் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு மழைதான் பக்கத்தில் பெய்யும். நண்பகல் சூரியனை எடுத்துக்கொள்வோம். வட அட்சத்தில் உள்ளவர்களுக்கு நண்பகலில் சூரியன் தென்வானில் இருக்கும், நிழல் வடக்கே விழும் என்ற செய்தி ஐரோப்பிய நூல்களிலிருந்து நகர்ந்து நகர்ந்து நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. திருநெல்வேலி 8 பாகை 44 கலை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில், பாபநாசத்தில் சித்திரை விசுவுக்குக் கூட்டம் சேரும் நாட்களை ஒட்டி, இங்கே சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதன்பின் ஆகஸ்ட் கடைசிவரை நண்பகல் நிழல் தெற்கே விழுகிறது. ஆண்டில் நாலரை மாதம் நூல் ஒன்று சொல்ல, முற்றத்து நிழல் வேறொன்று சொல்கிறது. இதைக் கவனித்த பிள்ளைக்குப் பாடநூல் தப்பா, கண் தப்பா என்ற குழப்பம் வர வேண்டும். வருவதே கல்வி. கவனிக்கவே யாரும் சொல்லாததால் குழப்பமும் வருவதில்லை.

அந்த நிழலில்லா நாளிலேயே இன்னும் பெரிய வேலை ஒன்றைச் செய்யலாம். அன்று சென்னையில் ஒரு மீட்டர் கம்பை நேராக நட்டு அவ்வூர் நண்பகலில் நிழலை அளந்தால் சுமார் ஏழரை சென்டிமீட்டர் இருக்கும். அந்த நிழலிலிருந்து கிடைக்கும் கோணம் 4.3 பாகையை ஒட்டி வரும். நேர்வடக்காக அளந்தால் திருநெல்வேலிக்கும் சென்னைக்கும் இடையே சுமார் 480 கிலோமீட்டர். வட்டத்தின் 360 பாகைக்கு இந்தக் கணக்கை நீட்டினால் பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டருக்குச் சற்று முன்பின்னாக வந்து நிற்கும். எரட்டோஸ்தெனிஸ் இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் செய்த கணக்கு இதுதான். பாளையங்கோட்டைப் பள்ளி ஒன்றும் சென்னைப் பள்ளி ஒன்றும் தொலைபேசியில் பேசிக்கொண்டு ஒரு மதிய இடைவேளையில் செய்துமுடிக்கக் கூடியது. கம்பு கொஞ்சம் சாய்ந்திருந்தால் விடை எவ்வளவு தவறும் என்று கணக்கிடுவது அதைவிடப் பெரிய பாடம். விடையின் பிழை எவ்வளவு என்று கேட்கத் தெரிந்தவர் பிறகு எந்தப் புள்ளிவிவரத்தையும் வேறு கண்ணோடுதான் படிப்பார்.

சிவகளை விஷயத்தில் அந்தக் கண் எவ்வளவு தேவைப்படுகிறது என்று பாருங்கள். பெருங்குளம் இருக்கும் அதே வட்டாரத்தில்தான் சிவகளைப் பறம்பும் இருக்கிறது. அங்கே முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லுமியின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் வெளியான அறிக்கை, அங்கே இரும்பின் காலத்தைக் கி.மு. நான்காம் ஆயிரமாண்டுவரை கொண்டுபோனது. தாமிரபரணிப் பள்ளத்தாக்கு முழுவதும் அந்த எண்ணை அறியும். சுவரொட்டியில் இருக்கிறது, மேடையில் ஒலிக்கிறது. எண் எப்படி வந்தது என்பதைச் சொல்லும் சிறார் நூலைத்தான் தேட வேண்டியிருக்கிறது. உயிருள்ள பயிர் காற்றிலிருந்து கரியை எடுக்கும்போது சிறிதளவு கதிரியக்கக் கரியையும் எடுத்துக்கொள்கிறது. அறுத்த நாளிலிருந்து அது குறையத் தொடங்கி 5,730 ஆண்டுகளில் பாதியாகிறது. மிச்சத்தை எண்ணினால் காலம் கிடைக்கும். இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிவிடலாம். அடுத்த படிதான் முக்கியம். காலம் கணித்தது இரும்புத் துண்டையா, அதனோடு கிடைத்த கரியையா, பானையோட்டையா? கரி என்றால், அந்தக் கரியும் இரும்பும் ஒரே காலத்தில் அங்கே புதைந்தவை என்பதற்கு மண்ணடுக்கு என்ன சான்று தருகிறது? எத்தனை மாதிரிகள், எத்தனை ஆய்வகங்கள், எவ்வளவு பிழை எல்லை? இவற்றைக் கேட்பது தமிழ்த் தொன்மையைச் சந்தேகிப்பதாகாது. கேள்விகளுக்கு ஈடுகொடுத்து நிற்கும் தொன்மையைத்தான் வெளியார் எவரும் அசைக்க முடியாது. அதற்கு முதலில் நம் பிள்ளைகளே கேட்கப் பழக வேண்டும். 1876இல் யாகோரும் பிறகு அலெக்சாண்டர் ரீயும் ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்த காலத்தில் இந்த முறைகள் இல்லை. அதே மண்ணை இன்று வேறு கருவிகளோடு படிக்கிறோம் என்பதே ஒரு முழு நூலுக்கான கதை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த எண்ணும் எல்லாருக்கும் தெரியும். ஒரு சென்ட் நிலத்தின் மேல் மட்டும் 38,000 லிட்டருக்கு மேல், அதாவது மூன்று பெரிய தண்ணீர் லாரி அளவு, விழுந்தது என்று அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. அணையைத் திறந்ததால்தான் ஊர் மூழ்கியது என்ற பேச்சு அன்று வேகமாகப் பரவியது. மழை மலையில் மட்டும் பெய்யவில்லை, அணைகளுக்குக் கீழே சமவெளியிலும் கடற்கரையிலும் கொட்டியது. குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தபோது ஒரு குளத்து நீர் அடுத்த குளத்தின் சுமையாயிற்று. யார்மீது தவறு, எது தவிர்க்கக் கூடியது என்று முடிவு சொல்வது என் வேலையில்லை. அந்த வாக்குவாதத்தில் கலந்துகொள்ளும் குடிமகனுக்கு வேண்டிய அடிப்படை அறிவு ஒன்று உண்டு. பொதிகையின் உச்சிப் பகுதி தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழையையும் பெறுகிறது. அதனால்தான் சுமார் 125 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் தாமிரபரணி என்ற சிறிய ஆற்றால் கார், பிசானம் என்ற இரு நெற்பருவங்களுக்கும் நீர் தர முடிகிறது. மாஞ்சோலையில் கொட்டும் தென்மேற்கு மழையில் சிறு பங்குகூட மழைமறைவில் இருக்கும் பாளையங்கோட்டைக்கு வருவதில்லை. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம்வரை எட்டு அணைக்கட்டுகள் நீரைக் கால்களில் திருப்பிக் குளங்களுக்கு அனுப்புகின்றன. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள ஏனம் ஒன்றும் அளவுகோலும் இருந்தால் மழையை எந்தப் பிள்ளையும் அளக்கலாம். அம்பாசமுத்திரம், பேட்டை, ஏரல் என்று பத்துப் பள்ளிகள் தினமும் அளந்து ஒரு பலகையில் எழுதினால் மழைமறைவு என்ற பாடம் தானாகத் தெரியவரும்.

கூடங்குளம் அணுமின் நிலையம் திருநெல்வேலி மாவட்டத்திலேயே இருப்பதால் அதைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவில் விபத்து நடந்தது. அதே ஆண்டு இடிந்தகரையில் போராட்டம் வலுத்தது. 2013 ஜூலையில் முதல் உலை இயங்கத் தொடங்கியது. அன்று ஒரு தரப்பு முழுப் பாதுகாப்பு என்றது, மறு தரப்பு முழு அழிவு என்றது. கடற்கரை ஊர்ப் பிள்ளைக்கு இரண்டில் ஒன்றை நம்புவதைத் தவிர வழி வைக்கப்படவில்லை. கதிர்வீச்சின் அளவு என்ன அலகில் சொல்லப்படுகிறது, தோரியம் கலந்த மணல் உள்ள தென்கடற்கரையின் சில பகுதிகளில் இயற்கையிலேயே அது ஏன் கூடுதல், உலை நின்ற பிறகும் ஏன் குளிர்விக்க வேண்டும், ஃபுகுஷிமாவில் அந்தக் குளிர்விப்பு எப்படி நின்றுபோனது ஆகியவற்றை அமைதியாக விளக்கும் நூல்கள் பள்ளி நூலகங்களில் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. பேச்சின் தரம் மாறியிருக்கும். மீனவர் கேட்ட கேள்விகள் பலவும் அறிவியல் கேள்விகளே. அவற்றை அறியாமை என்று ஒதுக்கியது அறிவியலுக்கும் நன்மை செய்யவில்லை.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். அறிவியல் உலகப் பொது, அதற்கு ஊர் ஏது என்பது முதல் மறுப்பு. விதி பொதுதான், அதை அறியும் இடம் எப்போதும் ஓர் இடமே. புவிகாந்த விதி லண்டனிலும் இங்கும் ஒன்று, ஊசி நிற்கும் விதம் வேறு. வேறுபாட்டைப் பார்த்த பிறகுதான் விதியின் பொதுமை விளங்குகிறது. இதோடு இணைந்த இன்னொரு மறுப்பு சற்று வலுவானது: பிள்ளைகளின் மனம் டைனோசரையும் கருந்துளையையும் நாடுகிறது, ஊர்க் குளத்தைக் காட்டி அவர்களை ஏன் கட்டிப்போட வேண்டும்? அந்த நாட்டத்தை நான் மதிக்கிறேன். தொலைவின் மீதான ஆசை இல்லாவிட்டால் அறிவியலே இல்லை. குளம் தொலைவுக்கு எதிரி என்று நினைப்பதில்தான் தவறு இருக்கிறது. கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்து இமயத்தைக் கடந்து வருகிறது. அந்த இனப் பறவைகள் 7,000 மீட்டருக்கும் மேல் பறப்பதை அவற்றின் உடலில் பொருத்திய கருவிகள் பதிவுசெய்திருக்கின்றன. அவ்வளவு மெல்லிய காற்றில் அது எப்படி மூச்சு விடுகிறது என்ற கேள்வி ஈமோகுளோபினுக்கும் திபெத்தியப் பீடபூமிக்கும் அழைத்துப் போகும். 2011 முதல் ஆண்டுதோறும் மணிமுத்தாற்றில் உள்ள ஏட்ரீ மையமும் உள்ளூர் இயற்கை ஆர்வலர்களும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். கூழைக்கடா, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் என்று இனம் பிரித்து எண்ணும் அந்த வேலையில் மாணவர்களுக்கும் இடமிருக்கிறது. கருந்துளையை எந்தப் பிள்ளையும் எண்ண முடியாது. எண்ணி, பிழை செய்து, பக்கத்தில் நிற்பவரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிள்ளை கருந்துளை நூலைப் படிக்கும்போது, இதை எப்படிக் கண்டார்கள் என்று கேட்கும்.

அடுத்தது தேர்வு பற்றியது, இதில் அனுபவம் கசப்பானது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், பால வைக்ஞானிக் என்ற நூல் வரிசையை அடிப்படையாகக் கொண்டது. அந்த நூல்கள் விடையைச் சொல்லவில்லை. செய்துபார்த்து எழுதச் சொல்லின. தேர்வுக்கும் நூலைத் திறந்துவைத்தே எழுதலாம். கிராமப்புற அரசுப் பள்ளிகளில், விலை குறைந்த பொருள்களைக் கொண்டு, முப்பது ஆண்டுகள் அது நடந்தது. பின்னாளில் ஏகலவ்யா அமைப்பு அதை வளர்த்தது. 2002இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. மற்ற மாவட்டப் பிள்ளைகளோடு போட்டியில் பின்தங்குவார்கள் என்ற அச்சம் அன்று முன்வைக்கப்பட்ட காரணங்களில் ஒன்று. இதிலிருந்து இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்ள வேண்டும். இப்படிப்பட்ட நூல்கள் ஏழைப் பள்ளிகளில் இயங்கும் என்பது நிரூபணமானது. பாடத்திட்டத்துக்குள்ளேயே வைத்தால் தேர்வு அவற்றை விழுங்கிவிடும் என்பதும் நிரூபணமானது. ஆகவே பள்ளத்தாக்குக்கான அறிவியல் நூல் பாடநூலுக்கு வெளியே, மதிப்பெண்ணுக்குத் தொடர்பில்லாமல் இருப்பதே நல்லது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்திவரும் துளிர் மாத இதழ் தாக்குப்பிடித்து நிற்பதற்கும் அது தேர்வுக்கான இதழாக மாறாததே காரணம் என்று எண்ணுகிறேன். 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினையை எடுத்துக்கொண்டு ஆய்வு செய்கிறார்கள். அந்த ஆய்வேடுகளில் தேறியவை அச்சேறி அடுத்த ஆண்டுப் பிள்ளைகளின் கைக்கு வருவதில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஆங்கில வழிப் பிள்ளைகள் தமிழில் படிப்பார்களா என்ற கேள்விக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. அவர்களுடைய வீட்டிலும் வயலிலும் மடையும் கலிங்கும் கால்வாயும் தமிழில்தான் இருக்கின்றன. அரசின் வாசிப்பு இயக்கச் சிறு நூல்கள் காட்டியதுபோல், படிக்கும் திறனுக்கேற்ற அளவில் கொடுத்தால் பிள்ளைகள் படிக்கிறார்கள். காணொளி போதுமே என்பார்க்கும் சுருக்கமான பதில் உண்டு: காணொளியில் சோதனை எப்போதும் வெற்றி பெறுகிறது. குளத்துக்கரைக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, நமக்கு ஏன் வரவில்லை என்று திரும்பப் படிக்க நூல்தான் தோது.

யார் எழுதுவது, யார் செலவு செய்வது என்பதே கடினமான மறுப்பு. ஒரு மாவட்டத்துக்கான நூல் எத்தனை படி விற்கும் என்று பதிப்பாளர் கேட்பது நியாயம். எழுதுவதற்கு வேண்டிய பொருள் இங்கே கிடக்கிறது: கிருஷ்ணாபுரத்தில் காந்தப் பதிவுகள், மணிமுத்தாற்றில் பறவைக் கணக்கு, நீர்வளத் துறையில் அணைகளின் தினசரி நீர்மட்டம், 1990இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஆய்வேடுகள், கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையிலேயே 1987 முதல் இயங்கும் மாவட்ட அறிவியல் மையம். இவற்றில் பெரும்பகுதி ஆங்கிலத்தில், ஆய்வாளர் மட்டும் படிக்கும் வடிவில் உள்ளது. ஆய்வாளர் ஒருவர், பள்ளி ஆசிரியர் ஒருவர், தமிழ் எழுதத் தெரிந்தவர் ஒருவர் என மூவர் சேர்ந்து உட்கார வேண்டும்; தனி ஒருவரால் ஆகிற வேலை இது இல்லை. எழுதியதை அச்சுக்கு முன் இரண்டு மூன்று பள்ளிகளில் கொடுத்து, எந்தச் சோதனை கைக்கு வரவில்லை என்று கேட்டுத் திருத்த வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும், ஏனெனில் சிவகளையின் காலமும் குளத்துப் பறவைகளின் எண்ணிக்கையும் மாறிக்கொண்டே இருக்கும். செலவைப் பொறுத்தவரை, 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி இந்தப் பள்ளத்தாக்கில் வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியாகச் சேர்த்துக் கட்டிவருகிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கை ஆண்டுக்கு ஓர் உள்ளூர் அறிவியல் நூலுக்கென்று ஒதுக்கி, திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி ஆகிய மூன்று மாவட்டங்களின் நூலகங்களும் பள்ளிகளும் படிகளை முன்கூட்டியே வாங்கிக்கொள்வதாக உறுதி தந்தால், அச்சுக்குத் தயங்கும் பதிப்பாளரின் கணக்கு மாறும்.